ஐந்து நிறப் பெட்டியில் ஒரே பூஞ்சை

பைன் மரம் தனியாக வாழத் தெரியாத ஜீவன். அதன் வேர் நுனியில் ஒரு பூஞ்சை கையுறை மாதிரி வந்து மாட்டிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் மண்ணிலிருந்து தண்ணீரும் சத்தும் ஒழுங்காக உள்ளே போகும். பதிலுக்கு மரம் தன் இலையில் சமைத்த சர்க்கரையில் ஒரு பங்கைப் பூஞ்சைக்குக் கொடுத்துவிடும். பைனோடு சேரும் பூஞ்சைகளில் சில ரொம்பக் கறார். பக்கத்தில் தேக்கு நின்றாலும் சரி, பலா நின்றாலும் சரி, திரும்பிக்கூடப் பார்க்காது. பாடப்புத்தகத்தில் இதற்கு ஓம்புயிர்த் தனித்தன்மை என்று பெயர். பரீட்சையில் ஐந்து மதிப்பெண். அதற்குமேல் அதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை, நித்தியவனம் வரும்வரை.

சமவெளியில் எரிக்கக் காற்று போதாது, புதைக்க இடம் போதாது என்று அரசு கைவிரித்த காலத்தில் அந்த நிறுவனம் தொடங்கப்பட்டது. கொடைக்கானலுக்கு மேலே ஒரு மலைச்சரிவை வாங்கினார்கள். இறந்தவரைப் பூஞ்சை நூலில் நெய்த பையில் சுற்றிக் குழியில் வைத்து, மேலே ஒரு பைன் கன்றை நட்டுவிடுவார்கள். ஒரு வருடத்தில் ஆள் மண்ணாகி, மண் வேராகி, வேர் மரமாகிவிடும். "அப்பா எங்கேயும் போகவில்லை. ஆறடியிலிருந்து அறுபதடிக்கு வளர்கிறார்" என்று விளம்பரம் செய்தார்கள். ஜனம் அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டது.

வந்த முதல் குடும்பம் விலையைக் கேட்கவில்லை. "பக்கத்துல யாரு?" என்றுதான் கேட்டது.

நிர்வாகம் உடனே புரிந்துகொண்டது. சரிவை ஐந்து பிரிவாகப் பிரித்துத் தமிழ்ப் பண்பாட்டோடு பெயர் வைத்தது. உச்சியில் குறிஞ்சி, அதற்குக் கீழே முல்லை, நடுவில் மருதம். பாலை என்ற பெயர் ராசியில்லை என்று யாரும் வாங்காததால் அது கார் நிறுத்துமிடமாகிவிட்டது. அடிவாரத்தில் ஓடையோரம் நெய்தல். கடல் இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்ததை யாரும் பொருட்படுத்தவில்லை. அட்டையும் கொசுவும் உள்ள அந்த ஈரநிலத்தை நிறுவனம் தன் கூலியாட்களின் குடும்பங்களுக்கு இலவசமாகவே கொடுத்தது. யார் எந்தப் பிரிவு என்று எங்கும் எழுதிவைக்கவில்லை. வரவேற்பில் இருந்த பெண் எந்த ஊர், எந்தத் தெரு, குலதெய்வம் எது என்று மூன்று கேள்வி கேட்பாள். பெரும்பாலும் மூன்றாவது தேவைப்படாது.

எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு ஒரு பத்திரிகையில் கட்டுரை வந்தது. காட்டில் மரங்கள் தனித்தனியாக நிற்பது போலத் தெரிந்தாலும், மண்ணுக்குள் ஒரே பூஞ்சை வலையில் சேர்ந்திருக்கின்றன, ஒன்றுக்கொன்று சாப்பாடும் தண்ணீரும் கொடுத்துக்கொள்கின்றன என்று. படிக்க உருக்கமாக இருந்தது. குறிஞ்சிப் பிரிவுக் குடும்பங்கள் மட்டும் உடனே நிர்வாகத்துக்குப் போன் போட்டன.

மேலாளர் சபேசன் அந்தக் கட்டுரையோடு ஆய்வகத்துக்குள் வந்தார். ஆய்வகம் என்பது டாக்டர் ஜெசிந்தா. முப்பத்தைந்து வயது, வேர்ப்பூஞ்சையில் முனைவர் பட்டம், அந்தப் படிப்புக்குத் தமிழ்நாட்டில் இருந்த ஒரே வேலை.

"ஜெசிந்தா, நம்ம பூஞ்சை ஆள் பாத்துத்தானே சேரும்?"

"மரம் பாத்துச் சேரும் சார். பைனைத் தவிர வேற எதையும் தொடாது."

"சூப்பர். அப்ப குறிஞ்சிக்கு ஒரு பூஞ்சை, முல்லைக்கு ஒண்ணுன்னு தனித்தனியா இருக்கும்ல?"

"இல்ல சார். பைன்னா அதுக்கு எல்லாப் பைனும் ஒண்ணுதான். அதுக்குள்ள அது எதையும் பாக்காது."

சபேசன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "நீங்க பாக்க வைக்கணும். அதுக்குத்தானே படிச்சிருக்கீங்க?"

பாக்க வைப்பதற்குப் பத்து வருடமாவது ஆகும் என்றாள். அவருக்கு அடுத்த திங்கட்கிழமை வேண்டியிருந்தது. ஆகவே நித்தியவனம், கார் நிற்கும் பாலைக்கும் சேர்த்து, ஐந்து நிறத்தில் பெட்டி அச்சடித்தது. ஒவ்வொன்றிலும் 'பிரிவுக்கே உரிய தனித்தன்மை வாய்ந்த வேர்த்துணை' என்று பொன்னெழுத்து. உள்ளே ஐந்திலும் ஒரே பூஞ்சை. பொய்களிலேயே மரத்துக்கு நல்லது செய்கிற பொய் இதுதான் என்று ஜெசிந்தா தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். அதில் தப்பும் இல்லை. மரங்கள் கிடுகிடுவென்று வளர்ந்தன. உச்சியில் வெறும் பாறைமேல் நின்ற குறிஞ்சி மரங்கள்கூடக் கோடையில் பச்சை மாறவில்லை.

குறிஞ்சியில் நட்ட கடைசிக் கன்று மிதுனாவுடையது. டெங்குவில் போனபோது அவளுக்கு வயது ஏழு. அப்பா மகுடபதிக்கு ஒட்டன்சத்திரத்தில் காய்கறிக் குளிர்பதனக் கிடங்குகள் இருந்தன. நித்தியவனக் குடும்பங்கள் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். அவருடைய தாத்தா, அப்பா, பெரியப்பா எல்லோரும் அங்கே பெரிய பெரிய மரமாக நின்றார்கள். அவர்களின் நிழலில் இந்தக் கன்று.

அம்மா சுகந்தி ஞாயிறுதோறும் வருவாள். பூஜை கிடையாது, அழுகை கிடையாது. கன்றுக்குப் பக்கத்தில் நின்று அது தன்மேல் எதுவரை வருகிறது என்று பார்ப்பாள். முதல் வருடம் முழங்கால், அப்புறம் இடுப்பு. கடைசியாக மிதுனா நின்றால் எங்கே வருவாளோ அந்த இடத்துக்கு, நெஞ்சுக்கு வந்தது. அதற்கடுத்த இரண்டு ஞாயிறும் அவள் வரவில்லை. மூன்றாவது ஞாயிறு வந்தவள் ஜெசிந்தாவிடம் கேட்டாள்.

"மேடம், இனிமே இவ என்னைவிட வளந்துருவாள்ல?"

"வளந்துருவா."

"எவ்வளவு வளந்தாலும் சரி. காஞ்சு மட்டும் போயிரக் கூடாது. இன்னொரு தடவை என்னால முடியாது."

ஜெசிந்தா தலையாட்டினாள்.

பெட்டி ரகசியத்தை உடைத்தது மகுடபதியின் அக்கா மகன். கோயம்புத்தூரில் பயோடெக் படித்துக்கொண்டிருந்த அந்தப் பையன் விடுமுறைக்கு வந்த இடத்தில், ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஒரு சிட்டிகை மண்ணெடுத்துச் சோதித்துப் பார்த்தான். படிப்பில் அவன் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அது.

சங்கக் கூட்டம் கூடியது. மகுடபதி ஐந்து நிறப் பெட்டியையும் மேசைமேல் வரிசையாக அடுக்கினார்.

"என்னம்மா டாக்டர், அஞ்சும் ஒண்ணுதானாமே?"

"ஆமா சார்."

"அப்ப எங்க தாத்தாவும் அந்த ஓடைக்கரை ஆளுங்களும் உள்ளுக்குள்ள ஒரே குழாய்லயா இருக்காங்க?"

சபேசன் இருமினார். ஜெசிந்தா பொய் சொல்லிச் சலித்திருந்தாள். எழுந்துபோய்த் திரையில் ஒரு படத்தைப் போட்டாள். அடையாளம் போட்ட காற்றை ஒரு கிளைக்குக் கொடுத்தால், அந்தக் கிளை சமைக்கிற சர்க்கரையிலும் அந்த அடையாளம் இருக்கும். மாட்டுக்கு மணி கட்டிவிட்ட மாதிரி, அது எங்கே போனாலும் தெரியும். தண்ணீருக்கும் அப்படியே செய்திருந்தாள். சரிவின் வரைபடத்தில் சின்னச் சின்ன அம்புக்குறிகள். அத்தனையும் மேல்நோக்கி இருந்தன.

"குறிஞ்சி முழுக்கப் பாறை சார். அங்க தண்ணி நிக்காது. இந்த மரங்க பச்சையா நிக்கிறதுக்குக் காரணம் நெய்தல் மரங்க. அதுங்க ஓடையில குடிக்கிறதுலயும், சமைக்கிறதுலயும் ஒரு பெரிய பங்கு இங்க வருது. இந்தத் தொடர்பை அறுத்தா..."

"நிறுத்தும்மா." மகுடபதியின் முகம் சிவந்துவிட்டது. "எங்க அப்பா ராத்திரி பகலாக் கையேந்திக்கிட்டு நிக்கிறாருங்கறியா?"

அறிவியலை இவ்வளவு சுருக்கமாக யாரும் அங்கே விளக்கியதில்லை.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. நெய்தலுக்கு மேலே சரிவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, பாறை தட்டும் ஆழத்துக்கு ஒரு பள்ளம். அதில் தகடு இறக்கி வேரும் நூலும் தாண்டாமல் மறித்துவிடுவது. சுகந்தி மட்டும் கடைசி வரிசையிலிருந்து, "ஏங்க, அந்த மேடம் சொல்றத முழுசாக் கேட்டுட்டு..." என்று ஆரம்பித்தாள். கைதட்டலில் அது கேட்கவில்லை.

பள்ளம் வெட்டியது நித்தியவனத்தின் குழி வெட்டும் ஆட்கள். அவர்களுக்கு வேலையே அதுதானே. முன்வரிசையில் மண்வெட்டியோடு நின்றவள் பேச்சி. ஐம்பது வயது, கெட்டித் தோள். அவளுடைய மகன் பிரவீன் நெய்தலில், ஓடைக்கு மிக அருகில், அந்தச் சரிவிலேயே உயரமான மரமாக நின்றான். உயிரோடு இருந்தபோது ஊருக்குள் லாட்ஜுகளுக்குத் தண்ணீர் ஏற்றும் வண்டியில் வேலை. குழாய் ஏறாத மேட்டு விடுதிகளுக்குக் குடத்தில் சுமந்தே ஏற்றுவான். ஒரு மழைநாளில் வண்டி பின்னால் உருண்டது. அவன் வண்டிக்குப் பின்னால் இருந்தான்.

வெட்டிய மண்ணை எந்தப் பக்கம் கொட்டுவது என்று பேச்சி கேட்டாள். "மேல் பக்கம் அசிங்கமாத் தெரியும், உங்க பக்கமே கொட்டுங்க" என்றார் சபேசன். கொட்டினார்கள்.

அந்த வருடம் கோடை மழை வரவில்லை. குறிஞ்சி மரங்களின் நுனி முதலில் வெளுத்தது, பிறகு துரு ஏறின மாதிரி சிவந்தது. மகுடபதியின் தாத்தா ஒரே மாதத்தில் மொட்டையானார். அப்பாவும் பெரியப்பாவும் போட்டி போட்டுக்கொண்டு உதிர்ந்தார்கள். லாரியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். அது பாறையில் வழிந்து நேராகப் பள்ளத்தில் இறங்கி நெய்தலுக்குப் போய்ச் சேர்ந்தது. நெய்தலில் புதுத் துளிர் விட்டிருந்தது.

உதிர்ந்த ஊசியிலைகளைக் கூட்டி அள்ளும் வேலை பேச்சிக்கு வந்தது. ஒருநாள் கூடையை இறக்கிவைத்துவிட்டு ஆய்வக வாசலில் நின்றாள்.

"டாக்டரம்மா, ஒண்ணு கேக்கணும். ஏதோ அம்பு போட்ட படம் காட்டுனீங்களாமே. எல்லாம் எந்தப் பக்கம் போச்சு?"

"கீழ இருந்து மேல."

"எம் பிரவீன் மரத்துலருந்துமா?"

"அதுலருந்துதான் நெறைய. பெரிய மரம்ல."

பேச்சி சரிவைத் திரும்பிப் பார்த்தாள்.

"இருந்தப்பவும் மேட்டுக்குத்தான் தண்ணி தூக்குனான். செத்தும் தூக்கிட்டா இருந்தான்?" முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "நல்லவேளை, நாங்களே வெட்டிவிட்டோம்."

மரங்கள் சிவக்கச் சிவக்க, சங்கத்தின் மனதும் இளகியது. மனிதர்களுக்குள் பேதமே கூடாது என்ற கருத்து குறிஞ்சிப் பிரிவில் மிக வேகமாகப் பரவியது. பள்ளத்தை மூடுவதற்கு ஒரு விழாவே ஏற்பாடானது. 'வேர்கள் கூடும் விழா.' பந்தல், ஒலிபெருக்கி, சிறப்பு விருந்தினர், மண்ணுக்குள் நாம் எல்லோரும் ஒன்று என்று பேனர். பேனர் கம்பம் நடுவதற்கு இடைஞ்சலாக இருந்த முல்லை மரம் ஒன்றை மட்டும் வெட்டினார்கள்.

விழா அன்று காலை குழி வெட்டும் ஆட்கள் எல்லோரும் வந்தார்கள். மண்வெட்டியும் கொண்டுவந்திருந்தார்கள். அதை ஊன்றிக்கொண்டு சும்மா நின்றார்கள்.

"என்ன பேச்சி, தகட்டை உருவிட்டு மண்ணத் தள்ள வேண்டியதுதானே?" என்றார் சபேசன்.

"எந்த மண்ண சார்?"

"இதோ குவிஞ்சு கெடக்கே."

"அது எங்க பக்கத்து மண்ணு சார். நீங்கதானே இங்க கொட்டச் சொன்னீங்க?"

"விளையாடாத. மேல மரமெல்லாம் சாகுது."

"எங்களுக்குத் தனியா இருக்கிறதுதான் பிடிச்சிருக்கு. நீங்க சொன்னப்ப நாங்க ஏதாச்சும் சொன்னமா? வெட்டுனோம். இப்ப நாங்க சொல்றோம். இருக்கட்டும்."

பின்னாலிருந்து ஒருவன், "எங்களுக்கும் பண்பாடு இருக்குல்ல சார்" என்றான். ஆட்கள் சிரித்தார்கள். சபேசன் சிரிக்கவில்லை. வெளியாட்களை வரவழைக்கப் போன் போட்டார். வண்டி வத்தலக்குண்டிலிருந்து மலையேறிவர மாலையாகிவிடும் என்றார்கள். சிறப்பு விருந்தினர் வந்துவிட்டதால் பேச்சு தொடங்கிவிட்டது. மண் அப்படியே கிடக்க, மேலே ஒலிபெருக்கியில் மகுடபதி ஒற்றுமையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

சுகந்தி பந்தலில் உட்காரவில்லை. மிதுனாவின் கன்றில் நுனிக் குருத்து மட்டும்தான் பச்சையாக இருந்தது. அவள் ஜெசிந்தாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். பள்ளத்தின் விளிம்பில் வந்து நின்றாள். அந்தப் பக்கம் பேச்சி.

"இந்தாம்மா..." என்று ஆரம்பித்த சுகந்தி நிறுத்தினாள். "அக்கா. இவ்வளவு இடம் மட்டும். ஒரு முழம். எம் பிள்ள மரத்துக்கு நேரா மட்டும் மூடிவிடுங்க."

"ஒரு முழம் விட்டா மொத்த வரிசையும் அது வழியா வந்துருமாமே. டாக்டரம்மாவைக் கேளுங்க."

"ஆமா" என்றாள் ஜெசிந்தா. அதுதான் உண்மை.

"அவங்க எல்லாம் வாழ்ந்து முடிச்சவங்க," என்றாள் சுகந்தி. "இவ எதையுமே பாக்கலியே."

பேச்சி மண்வெட்டியின் பிடியைத் தேய்த்துக்கொண்டே நின்றாள்.

"புள்ளைக்கு எத்தன வயசு?"

"ஏழு."

மேலே கைதட்டல் கேட்டது. அது அடங்கும்வரை பேச்சி காத்திருந்தாள்.

"புள்ளைக்குத் தண்ணி குடுக்கலாம். அந்த வரிசைக்குக் குடுக்க முடியாது. புள்ளய இங்க தூக்கிட்டு வாங்க."

சுகந்தி ஜெசிந்தாவைப் பார்த்தாள். "முடியுமா மேடம்?"

"மரம் சின்னதுதான். வேரோட எடுக்கலாம். பொழைக்கலாம், பொழைக்காமயும் போகலாம்."

"வீட்டுல..." என்ற சுகந்தி முடிக்கவில்லை. திரும்பி மேலே நடந்தாள். பேச்சியும் ஆட்களும் பள்ளத்தில் ஒரு பலகையைப் போட்டுத் தாண்டி அவள் பின்னால் போனார்கள்.

கன்றைச் சுற்றித் தோண்டுவது கஷ்டமாக இல்லை. எதுவரை தோண்டுவது என்பதுதான் கஷ்டமாக இருந்தது. மண்ணோடு மண்ணாக வெள்ளை நூல் பின்னிக் கிடந்தது. பை இல்லை, எலும்பு இல்லை, எதுவும் தனியாகத் தெரியவில்லை.

"அம்மா, புள்ள இவ்வளவுதானா, இன்னும் கொஞ்சம் இருக்கா?" என்று ஒருவன் மெதுவாகக் கேட்டான்.

சுகந்தி குழிக்குள் இறங்கி உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் மண்ணை அள்ளிச் சாக்கில் போட்டாள். போட்டுக்கொண்டே இருந்தாள். பாறை தட்டி நகம் பெயர்ந்த பிறகு பேச்சிதான் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிவிட்டாள். "போதும் தாயி. வந்துட்டா."

ஆறுபேர் கன்றைத் தூக்கிக்கொண்டு பந்தலுக்கு முன்னால் இறங்கியபோது மகுடபதி மேடையில், ஒலிவாங்கியைக் கையில் பிடித்தபடி, பாதி வாக்கியத்தில் இருந்தார். அவர் வாய் திறந்தது. அதற்குள் பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் இதையும் நிகழ்ச்சி நிரலில் ஒரு அம்சம் என்று நினைத்து ஓடிவந்துவிட்டார்கள். சிறப்பு விருந்தினர் எழுந்துநின்று கைதட்டினார். எல்லோரும் எழுந்தார்கள். மகுடபதி சிரித்தார். மறுநாள் பத்திரிகைகளில் அந்தச் சிரிப்பு நன்றாக விழுந்திருந்தது.

வெளியாட்கள் வரவே இல்லை. தேவையும் இருக்கவில்லை, அந்த வாரத்திலேயே குறிஞ்சியில் காப்பாற்றுவதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை. மிதுனா பிரவீனுக்குப் பக்கத்தில், அவன் நிழலில் நடப்பட்டாள். ஒரு மாதம் அசையாமல் நின்றாள். பிறகு மெழுகுவத்தி மாதிரி ஒரு வெளிர்பச்சைக் குருத்து மேலே எழும்பியது. அன்று சுகந்தி பேச்சிக்கு ஒரு தூக்குப்பாத்திரம் நிறையப் பருப்பு சாதம் கொண்டுவந்தாள். இரண்டுபேரும் ஓடைக்கரையில் உட்கார்ந்து சாப்பிட்டதை ஜெசிந்தா ஜன்னல் வழியே பார்த்தாள். கதை இங்கே முடிந்திருந்தால் விழாக்குழுவுக்கு ஒரு விருது கிடைத்திருக்கும்.

மகுடபதி வியாபாரி. குருத்தைப் பார்த்தார், ஓடையைப் பார்த்தார், செத்துப்போன குறிஞ்சியைப் பார்த்தார். பார்த்ததைச் சங்கத்தில் சொன்னார். அடுத்த மாதமே நெய்தல் பிரிவு 'குறிஞ்சி ஓடைக்கரை' ஆனது. கூலியாட்களுக்குக் கொடுத்த இடமெல்லாம் இலவசம்தானே, இலவசத்துக்குப் பத்திரம் ஏது? சபேசன் ஆட்களைக் கூப்பிட்டுத் தேனாகப் பேசினார்.

"பேச்சி, உங்க எல்லாருக்கும் உச்சியிலேயே இடம் ஒதுக்கியாச்சு. முழு வியூ. இனிமே நீங்கதான் மேல, நாங்கதான் கீழ. இதத்தானே இத்தன வருஷமா எல்லாரும் கேட்டுட்டிருந்தீங்க?"

சின்ன மரங்களைப் பெயர்த்துப் பாறைமேல் நட்டார்கள். பிரவீன் பெயர்க்கிற அளவில் இல்லை. அவனுக்குப் பதிலாக ஒரு புதுக் கன்றும் பெயர்ப்பலகையும் உச்சியில் வைத்தார்கள். பழைய மரம் நின்றால் நிற்கட்டுமே என்று ஜெசிந்தா சபேசனிடம் போராடிப் பார்த்தாள்.

மகுடபதிதான் முடிவாகச் சொன்னார். "பிள்ளைக்கு வெயில் மறைக்குதும்மா."

குழி வெட்டும் ஆட்கள் தொடமாட்டோம் என்றதால் சமவெளியிலிருந்து எந்திர ரம்பத்தோடு ஆள் வந்தது. பேச்சி ஓடைக்கு அந்தப் பக்கம் நின்றாள். சுகந்தி காருக்குப் பக்கத்தில் நின்றாள். மரம் சாய்வதற்கு முன் பேச்சி ஒரே ஒருமுறை அவளைப் பார்த்தாள். சுகந்தியின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. ரம்பச் சத்தத்தில் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது, அப்போது ரம்பத்தை நிறுத்தித்தான் வைத்திருந்தார்கள்.

அதன்பிறகு அந்த இரண்டுபேரும் பேசிக்கொள்ளவில்லை. பேச்சி தினமும் ஓடையில் குடத்தை நிறைத்து, எல்லோரும் பார்க்கச் சரிவு முழுக்க ஏறி, உச்சியில் அந்தப் பெயர்ப்பலகைக் கன்றுக்கு ஊற்றினாள். அந்த மண்ணில் பிரவீன் ஒரு பிடிகூட இல்லை என்பது அவளுக்குத் தெரியாதா என்று சிலர் சிரித்தார்கள். வெட்டிய அடிமரத்தின் பக்கம் அவள் திரும்பியே பார்ப்பதில்லை. கல்நெஞ்சக்காரி என்றும் சிலர் சொன்னார்கள்.

மழைக்காலம் முடிந்த பிறகு ஒரு ஞாயிறு. ஜெசிந்தா சுகந்திக்காகக் காத்திருந்தாள். மிதுனாவின் மரம் இப்போது அம்மாவின் தலையைத் தாண்டியிருந்தது.

"சுகந்தி, ஒரு விஷயம் சொல்லணும். பிரவீனோட அடிமரம் சாகல."

சுகந்தி நிமிர்ந்தாள்.

"வெட்டின வாய் ஓரத்துல புதுப்பட்டை சுருண்டு மூடிட்டு வருது. வேர் உயிரோட இருக்கு. எலை இல்லாத மரத்துக்குச் சமைக்க அடுப்பு கெடையாது. யாராவது ஊட்டினாத்தான் உண்டு. எங்கருந்து வருதுன்னு அடையாளம் போட்டுப் பாத்தேன்."

"யாரு ஊட்றா?"

ஜெசிந்தா கன்றைப் பார்த்தாள். அது பதிலாகிவிட்டது.

சுகந்தி மரத்தண்டில் கைவைத்தாள். ரொம்பநேரம் எடுக்கவில்லை.

"நெறையக் குடுக்கிறாளா?"

"அவ வயசுக்கு நெறைய. அதனால இந்த வருஷம் கொஞ்சம் மெதுவா வளருவா."

"யார்கிட்டயும் சொல்லாதீங்க மேடம். இவருக்குத் தெரிஞ்சா சுத்திப் பள்ளம் வெட்டிருவாரு."

"பேச்சியக்காகிட்ட?"

சுகந்தி உச்சியைப் பார்த்தாள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு உருவம் ஏறிக்கொண்டிருந்தது.

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு?"

கீழே உட்கார்ந்து சுற்றிலும் கிடந்த ஊசியிலைகளை வாரினாள். அடிமரத்தை யார் கண்ணிலும் படாமல் மூடிவிடவேண்டும் என்று இரண்டு கைப்பிடி கொண்டுபோனவள், அப்படியே நின்றுவிட்டாள். ஜெசிந்தா எட்டிப் பார்த்தாள்.

அடிமரம் ஏற்கெனவே மூடியிருந்தது. வெட்டுவாயில் வெயில் படாதபடி, வழிப்போக்கர் கண்ணுக்குக் குப்பைக்குவியல் மாதிரி, பதமாக இலை அடுக்கியிருந்தது. அத்தனையும் காய்ந்து துருச்சிவப்பாக இருந்த இலை. ஓடைக்கரையில் அப்படி ஒரு இலை கிடையாது. அது உச்சியில், செத்துப்போன குறிஞ்சி மரங்களின் கீழே மட்டும்தான் கிடக்கும். அதைக் கூட்டி அள்ளும் வேலை அந்த மலையில் ஒரே ஒருத்திக்குத்தான்.

சுகந்தி தன் கையிலிருந்த இலையை அதன்மேல் மெதுவாக வைத்தாள். ஈர இலை, தனியாகத் தெரிந்தது. எடுத்துவிட்டாள்.

மேலே பேச்சி குடத்தைச் சாய்த்துக்கொண்டிருந்தாள். கார் நிறுத்துமிடத்திலிருந்து பார்த்தவர்கள் எல்லோருக்கும் நன்றாகத் தெரிகிற மாதிரி, நிதானமாக, கடைசிச் சொட்டு வரை.